மரச்செக்கு எண்ணெய் விற்கப் போகிறீர்களா? மார்க்கெட்டிங் திட்டத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

புதிதாக மரச்செக்கு போட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடலாமா, இல்ல நோட்டீஸ் அடிக்கலாமா?" என்றுதான். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் உங்களுக்கு எவ்வளவு அடக்கமாகிறது, ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள் என்ற இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் திட்டம் எழுதினால் அது ஆசைப் பட்டியலாகத்தான் இருக்கும். செக்கு ஓட ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தை இந்த எண்களைக் கண்டுபிடிப்பதற்கே ஒதுக்குங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு தராசு, ஒரு நோட்டு, பொறுமையாகக் கேட்கும் காது இருந்தால் போதும்.

மரச்செக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் மூலப்பொருள், உற்பத்தி, சில்லறை விற்பனை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் நடக்கின்றன. மசாலாப் பொடி, சிறுதானிய மாவு, சோப்பு என்று வேறு பொருள் செய்பவர்களும் இதே வரிசையில் போகலாம்.

அடக்க விலை

நிலக்கடலை எண்ணெயைப் பார்ப்போம். மரச்செக்கில் ஒரு லிட்டர் எடுக்க, பருப்பின் தரத்தைப் பொறுத்து இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ வரை பருப்பு பிடிக்கும். விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், கணக்குக்காகக் கிலோ 125 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 கிலோவுக்கு 300 ரூபாய். அதிலிருந்து சுமார் 1.4 கிலோ புண்ணாக்கு கிடைக்கும். மாட்டுக்கு வாங்கிப் போகிறவர் கிலோவுக்கு 40 ரூபாய் கொடுத்தால் 56 ரூபாய் திரும்பி வந்துவிடும். மீதி 244. ஆட்டுக்கூலியும் கரண்டும் 25, பாட்டில், மூடி, லேபிள் 18, வாடகையும் சேதாரமும் 10. ஆக ஒரு லிட்டர் 297 ரூபாய்க்கு அடங்குகிறது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் செக்கில், உங்கள் பருப்பில் நீங்களே எடை போட வேண்டும். பருப்பைக் கொட்டும்போது ஒருமுறை, புண்ணாக்கை அள்ளும்போது ஒருமுறை, எண்ணெய் வெயிலில் வைத்துத் தெளிந்த பிறகு ஒருமுறை. தெளியும் முன் அளந்தால் அடியில் தங்கும் மண்டியும் எண்ணெயாகக் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் லாபம் எங்கே போனது என்று தேட வேண்டி வரும். வீட்டு ஆளே செக்கில் நின்றாலும் கூலி எழுதுங்கள். மனைவியின் உழைப்பையும் அப்பாவின் உழைப்பையும் பூஜ்யமாக வைத்து விலை போட்டால், நாளைக்கு ஓர் ஆளை வேலைக்கு வைக்கிற அன்றைக்கே விலையை ஏற்ற வேண்டியிருக்கும்.

அடக்க விலை தெரிந்ததும், எங்கே விற்பது என்ற கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும். லிட்டர் 360 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். செக்கடிக்கே வந்து வாங்குபவரிடம் 63 ரூபாய் நிற்கும். மளிகைக் கடைக்காரர் 15 சதவீதம் கேட்டால் அவருக்கு 54 போய், உங்களுக்கு 9 ரூபாய்தான். அதையும் அவர் முப்பது நாள் கழித்துத் தருவார். ஒற்றை லிட்டரைக் கூரியரில் அனுப்பி, பேக்கிங்கோடு 80 ரூபாயை நீங்களே ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 17 ரூபாய் நஷ்டம். ஆன்லைனில் விற்றே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம் இந்த ஒரு கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். ஐந்து லிட்டர் டின்னாக அனுப்பினாலோ, கூரியர் செலவை வாங்குபவரே கொடுத்தாலோ கணக்கு மாறலாம். அதையும் எழுதிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பருப்பு 125-லிருந்து 140-க்கு ஏறினால் லிட்டருக்கு 36 ரூபாய் கூடுகிறது. உங்கள் 63 ரூபாய் 27 ஆகிவிடும். பருப்பு எந்த விலையைத் தாண்டினால் எண்ணெய் விலையை மாற்றுவது என்பதை இன்றைக்கே முடிவு செய்து எழுதி வைத்தால், அன்றைக்குத் தயங்க மாட்டீர்கள்.

வாடிக்கையாளர் நோட்டு

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. தேதி, பெயர், செல் நம்பர், எந்த எண்ணெய், எத்தனை லிட்டர். கடைசிக் கட்டம்தான் முக்கியமானது: "யார் சொல்லி வந்தீங்க?" நம்பர் தர விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், பெயரும் தெருவும் போதும். நம்பர் தருபவரிடம் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

இரண்டு மாதம் எழுதினால் மறுவரவு தெரிந்துவிடும். முதல் மாதம் புதிதாக வந்த 40 பேரில் 16 பேர் அடுத்த மாதமும் வந்தால் பத்துக்கு நான்கு. விளம்பரத்துக்கு எவ்வளவு போடலாம் என்று தீர்மானிப்பது இந்த எண்தான். எப்படி என்று பாருங்கள்.

பேப்பரோடு வைத்துப் போட 1,500 ரூபாய்க்கு நோட்டீஸ் அடிக்கிறீர்கள். அதைப் பார்த்து 10 பேர் புதிதாக வருகிறார்கள். மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் குடும்பம் ஆறு மாதம் நின்றால், லிட்டருக்கு 63 வீதம் உங்களுக்கு 756 ரூபாய். பத்தில் நான்கு பேர் நின்றால் 3,024; மற்ற ஆறு பேர் ஆளுக்கு ஒரு லிட்டரோடு போய்விட்டாலும் அதில் 378. மொத்தம் 3,402 ரூபாய். போட்ட 1,500 வந்து, மேலும் நிற்கிறது. பத்தில் ஒருவர்தான் நிற்கிறார் என்றால் 756-உம், ஒன்பது பேரின் 567-உம் சேர்த்து 1,323. நோட்டீஸ் காசே தேறவில்லை. நோட்டீஸும் ஊரும் ஒன்றாகவே இருந்தும், வந்தவர் திரும்ப வருகிறாரா என்பது லாபத்தை நஷ்டமாக்கிவிடுகிறது.

அதனால் மறுவரவு பத்துக்கு இரண்டுக்குக் கீழே இருக்கிற வரை ஒரு ரூபாய்கூட விளம்பரத்துக்குப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முதலில், வராமல் போனவர்களுக்குப் போன் போட்டு ஏன் என்று கேளுங்கள்.

கேட்கும் முறை

"எங்க எண்ணெய் எப்படி இருக்குது?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாருக்குது" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. "இந்த விலைக்கு வாங்குவீங்களா?" என்ற கேள்வியும் உதவாது. ஏற்கெனவே நடந்து முடிந்ததைப் பற்றிக் கேளுங்கள். போன மாதம் வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆனது? எங்கே வாங்கினீர்கள்? கடைசியாக எண்ணெயை மாற்றியது எப்போது, எதனால்? வீட்டில் எண்ணெய் எது என்று முடிவு செய்வது யார்?

ஈரோட்டுப் பக்கத்துச் செக்கு ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பேச்சு இது:

"அக்கா, போன தடவை வாங்குன ஒரு லிட்டரு எத்தன நாளைக்கு வந்துச்சுங்க?"

"இன்னும் பாதி இருக்குதுப்பா. தாளிக்கறதுக்கும் தோசைக்கும் மட்டுந்தான் இது."

"வடை, பூரிக்கெல்லாம்?"

"அதுக்குக் கடைப் பாக்கெட்டு எண்ணெதான். உங்க எண்ணெல போட்டா நுரை நுரையாப் பொங்குது. கலப்படமோன்னு எங்க மாமியாரு கேட்டாங்க."

இந்த நான்கு வரியில் பெரிய விஷயம் இருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு எண்ணெய் ஓடுகிறது. உங்களுடையது பாதி அடுப்பில்தான். சுத்திகரிக்காத எண்ணெயைப் பொரிக்கக் காய வைத்தால் நுரைக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லாததால், சந்தேகம் கலப்படத்தின் மேல் போயிருக்கிறது. பாட்டிலின் கழுத்தில் ஒரு சின்ன அட்டையைக் கட்டி, எதனால் நுரைக்கிறது, அடியில் ஏன் மண்டி தங்குகிறது, எந்த சமையலுக்கு இது பொருந்தும் என்று நான்கு வரி அச்சடித்தால், நோட்டீஸை விட அது நன்றாக வேலை செய்யும். அரை லிட்டர் பாட்டில் வைக்கலாமா என்ற யோசனையும் இதே பேச்சில்தான் பிறக்கும்.

இப்படிப் பதினைந்து, இருபது பேரிடம் பேசினால் போதும். அதற்கு மேல் சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். "பாட்டி வீட்டு வாசம்" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொற்கள்தான் நாளைக்கு உங்கள் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும். பாரம்பரியம், ஆரோக்கியம், தூய்மை என்று எல்லாச் செக்கும் எழுதும் சொற்களை வாங்குபவர் படிப்பதே இல்லை.

கடைகளைச் சுற்றி வாருங்கள்

ஒரு நாள் ஒதுக்கி உங்கள் ஊரில் எண்ணெய் விற்கும் இடங்களை எல்லாம் பாருங்கள். சூப்பர் மார்க்கெட், மளிகைக் கடை, இயற்கை அங்காடி, நாட்டு மருந்துக் கடை, அடுத்த தெருச் செக்கு. விலையைக் குறிக்கும்போது லிட்டரா கிலோவா என்று பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். கிலோ விலையில் விற்பவரோடு உங்கள் லிட்டர் விலையை ஒப்பிட்டால் நீங்கள் மலிவு போலத் தெரியும். வாங்குபவர் வீட்டுக்குப் போய் அளந்து பார்ப்பார்.

பக்கத்துச் செக்குக்காரரைத்தான் எல்லோரும் போட்டியாக நினைக்கிறார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் படம் வேறாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் உங்களுக்குப் போட்டி பாதி விலைக்குக் கிடைக்கும் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் பாமாயிலும். கிராமத்தோடு தொடர்பு விட்டுப்போகாத குடும்பங்களில் ஊரிலிருந்து அம்மா ஆட்டிக் கொடுத்தனுப்பும் எண்ணெய்தான் போட்டி, அதை விலையால் வெல்ல முடியாது. அவர்களுக்குக் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கலாம். பருப்பு அவர்களுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி உங்களுடையது. நல்லெண்ணெய் என்றால் நிலைமையே வேறு. விருதுநகரிலிருந்து வரும் இதயம் போன்ற பிராண்டுகள் பல ஆண்டுகள் விளம்பரம் செய்து பழக்கப்படுத்திய சந்தை அது. அங்கே புதியவர் விளம்பரத்தில் மோதக் கூடாது. கருப்பட்டி சேர்த்து ஆட்டுவதைக் கண் முன்னால் காட்ட முடிவது உங்களால் மட்டும்தான். அந்தப் பலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் லேபிளும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். சமையல் எண்ணெயை பேக் செய்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி; வாளியில் வைத்துச் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பது பழைய வழக்கமாக இருக்கலாம், உங்கள் திட்டத்தில் அது வரக் கூடாது. எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ வாங்கி, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், வரி உட்பட்ட எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் ஆகியவை 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் கேட்பவை. சைவக் குறி, பேட்ச் எண், எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் உண்டு. ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் முன், மாதிரி லேபிளை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டிவிடுங்கள்.

எழுதக் கூடாததும் இருக்கிறது. சர்க்கரை நோய் தீரும், மாரடைப்பு வராது என்று எழுதுவது சட்டப்படியே தவறு. நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே சட்டம் இருக்கிறது. "100%" என்று போடுவதைத் தவிர்க்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் அறிவுறுத்தியிருக்கிறது. "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்பதிலும் பெருமை இல்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது. இந்த வாக்கியங்களை நம்பி வாங்கும் வயதானவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் எழுதக் கூடாதவை இவை. அதற்குப் பதிலாக என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் எண்ணெயைச் சோதித்து, அறிக்கையைக் கடையில் மாட்டுங்கள்.

பெயர் வைப்பதற்கு முன் வர்த்தகமுத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள்; சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. தனிநபரும் சிறுதொழிலும் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். குலதெய்வத்தின் பெயரை வைக்கிறோம் என்று நிறையப் பேர் ஆரம்பிக்கிறார்கள். அதே பெயரில் பத்து எண்ணெய் ஏற்கெனவே இருக்கும்.

செக்கால் எவ்வளவு முடியும், எப்போது கேட்பார்கள்

ஒரு மரச்செக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து கிலோதான் ஆட்டும். ஒரு நாளில் எத்தனை தடவை ஓடும், தெளிய எத்தனை நாள், பாட்டிலில் அடைக்க யார் என்று பார்த்தால் மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஓர் உச்சம் வரும். அது 300 என்றால், திட்டம் 300-க்குத்தான். ஆயிரம் லிட்டருக்கு ஆர்டர் பிடித்துவிட்டு வெளியிலிருந்து எண்ணெய் வாங்கி நம் பாட்டிலில் ஊற்றும் நிலைக்கு வந்தவர்கள், அதற்குப் பிறகு பழைய வாடிக்கையாளர்களின் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.

தேவையும் மாதத்துக்கு மாதம் மாறும். சித்திரை, வைகாசியில் மாங்காய் ஊறுகாய் போடுவார்கள். நல்லெண்ணெய் லிட்டர் கணக்கில் போகும். தீபாவளிக்குப் பலகாரத்துக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். கார்த்திகையில் விளக்கு. இந்த மாதங்களை ஒரு காலண்டரில் வட்டமிட்டு, பக்கத்திலேயே பருப்பும் எள்ளும் கொப்பரையும் மலிவாகக் கிடைக்கும் அறுவடை வாரங்களையும் குறியுங்கள். ஈரோடு மாவட்டம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எள் ஏலம் எந்தக் கிழமை, என்ன விலை போனது என்று வாரா வாரம் குறித்து வைப்பவருக்கு, தீபாவளிக்கான சரக்கை எப்போது வாங்குவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் எந்தக் கூடமோ அதைப் பிடியுங்கள்.

காசில்லாமல் பிடித்து வைக்க வேண்டிய இடங்கள்

கூகுள் மேப்பில் உங்கள் செக்கின் பெயர், திறக்கும் நேரம், நான்கு நல்ல போட்டோ. இது இலவசம், "பக்கத்துல மரச்செக்கு" என்று தேடுபவர் வாங்கத் தயாராக இருப்பவர். வாட்ஸ்அப் பிசினஸில் எண்ணெய், அளவு, விலையைப் பட்டியலாகப் போடலாம். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு லிஸ்டில் 256 பேர். அதனால் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கங்க, புதுசா ஆட்டுனா சொல்றோம்" என்று சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் அனுப்ப வேண்டாம். காலை வணக்கப் படங்கள் வேண்டவே வேண்டாம்.

ஒற்றைத் தாள்

இவ்வளவும் கையில் வந்த பிறகு ஒரே ஒரு தாள் எடுங்கள். யாருக்கு விற்கிறோம் என்று ஒரு வரி. "எல்லோருக்கும்" என்று எழுதாமல், "இந்த மூன்று தெருக்களில், தாளிப்புக்கும் தோசைக்கும் நல்ல எண்ணெய் தேடும் குடும்பங்கள்" என்கிற அளவுக்குக் குறிப்பாக. அவர்கள் ஏன் நம்மிடம் வர வேண்டும் என்பது அவர்களே சொன்ன வார்த்தையில் ஒரு வரி. எந்த வழியாக விற்கிறோம், ஒவ்வொரு வழியிலும் லிட்டருக்கு எவ்வளவு நிற்கிறது. விலை, அதை மாற்றும் பருப்பு விலை. மாத உச்சம் எத்தனை லிட்டர். ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவர அதிகபட்சம் எவ்வளவு செலவழிப்போம். நம் நோட்டீஸ் கணக்கில் 1,500 ரூபாய்க்குப் பத்துப் பேர், அதாவது புதியவர் ஒருவருக்கு 150; பத்துக்கு நான்கு பேர் நின்றால் அது தாங்கும் என்று பார்த்தோம். தொடக்கத்தில் அதில் பாதியை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் மாதா மாதம் எண்ண வேண்டிய மூன்று: புதிதாக வந்தவர்கள், மறுபடி வந்தவர்கள், லிட்டருக்கு நின்ற லாபம்.

தாளின் அடியில் இந்த மூன்றுக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி நோட்டைப் பார்த்துக் கட்டத்தை நிரப்புங்கள். "யார் சொல்லி வந்தீங்க" கட்டத்தில் ஒரே பெயர் ஐந்தாறு முறை வந்திருந்தால், முதல் விளம்பரச் செலவு அவருக்குத்தான்: அரை லிட்டர் எண்ணெயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். நோட்டீஸ் அதற்கு அடுத்தது.